ஒரே ஒரு மடிக்கணினி

கேள்வி: எங்கள் கிராமத்துப் பள்ளியில் இருப்பது ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும்தான், இணையம் அடிக்கடி போய்விடும். மின்சுற்றுப் பாடத்தை எப்படி நடத்துவது? – ஓர் ஆசிரியை

பதில்: தாராளமாக நடத்தலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய ‘ஃபெட்’ தளத்தின் மின்சுற்று சிமுலேஷனை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். காசு கட்ட வேண்டாம், இணையமில்லாமலும் ஓடும். ஆனால் நீங்களே எல்லாவற்றையும் இயக்கிக் காட்டிவிடாதீர்கள். இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துவிட்டு நிறுத்துங்கள். “மூன்றாவதைச் சேர்த்தால் வெளிச்சம் கூடுமா, குறையுமா?” ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும். அப்புறம் ஒரு மாணவி வந்து இணைக்கட்டும். யூகம் பொய்க்கும்போதுதான் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். மறுநாள் நிஜ பேட்டரி, ஒயர், டார்ச் பல்பு கையில் கொடுத்தே ஆகவேண்டும். திரையில் ஒயர் தளர்வதில்லை. வீட்டுப்பாடமாக வீடியோ அனுப்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு அப்பாவின் போன் இரவில்தான் கிடைக்கும்; ஒரு கேள்வியைக் குரல்பதிவாக அனுப்புங்கள், போதும்.