பங்கு நிதியத்தை மதிப்பிடுமாறு

பலரது பணத்தை ஒன்றுசேர்த்து, பல கம்பனிகளின் பங்குகளை வாங்கி நிருவகிப்பது பங்கு நிதியம். இலங்கையில் இவ்வகைக் கூட்டு முதலீடு அலகு நம்பிக்கை நிதியம் என்னும் பெயரால் 1991 இல் தொடங்கிற்று.

ஓய்வூதியப் பணத்தை இதில் இட விழைவோர் முதலில் நோக்குவது சென்ற ஆண்டின் இலாபத்தையே. அஃது அளவுகோலாகாது, சந்தை முழுதும் உயருங்கால் திறமற்ற நிதியமும் உயரக்கூடும். ஆதலின், பல ஆண்டு வருவாயைச் சந்தைச் சுட்டெண்ணோடு ஒப்பிடுவோமாக.

அடுத்து நோக்கத்தக்கது கட்டணம். ஓர் இலட்சம் ரூபா ஆண்டுக்கு 10 வீதம் வளரின் 30 ஆண்டில் ஏறத்தாழ 17.4 இலட்சமாகும். கட்டணமாக 2 வீதம் கழிந்து 8 வீதமே எஞ்சினோ, ஏறத்தாழ 10 இலட்சமே கிட்டும். சிறு துளையும் பெருங்குளத்தை வற்றச் செய்யுமன்றோ!

இதனை நன்குணர்ந்த அமெரிக்கர் யோன் போகிள், சுட்டெண்ணையே பின்பற்றும் குறைந்த கட்டண நிதியத்தை 1976 இல் பொதுமக்களுக்கெனத் தொடங்கினார். 15 கோடி டொலரை நாடியவர்க்கு அன்று கிடைத்தது ஏறத்தாழ 1.1 கோடியே. இன்று அவ்வழியை உலகெங்கும் பலர் பின்பற்றுகின்றனர்.

நிற்க, பங்கு விலை வீழ்தலும் இயல்பே. மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ விரைவில் வேண்டும் பணத்தை இதில் இடலாகாது. வகுப்பிற் கற்ற கூட்டுவட்டிக் கணக்கை மறவாதிருப்போமாக.