கையில் இல்லாததை விற்றல்

இளம் அறிவியல் (கணிதம்), இரண்டாம் ஆண்டு

அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கிப் பின்னர் ஒரு படி அரிசியாகவே திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். வாங்கிய அதே மணிகளை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அளவும் தரமும் ஒத்திருந்தால் போதும். இதற்கு நம் முன்னோர் ‘குறியெதிர்ப்பை’ என்று பெயரே வைத்திருந்தனர். புறநானூற்றிலும் திருக்குறளிலும் இச்சொல் வருகிறது. பங்குச் சந்தையில் ‘ஷார்ட் செல்லிங்’ என்று வழங்கப்படும் வாணிகத்தின் அடிப்படை இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது எனலாம். வேறுபாடு என்னவென்றால், இரவல் வாங்கிய அரிசியை உலையில் போடாமல் உடனே சந்தையில் விற்றுவிடுகிறோம். நாளை விலை சரியும், அப்போது மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு.

ஒரு நிறுவனத்தின் பங்கு 200 ரூபாய் விலை போகிறது என்று கொள்வோம். அதன் உண்மை மதிப்பு அதில் பாதிகூட இராது என்று ஒருவர் கருதுகிறார். 100 பங்குகளை இரவல் பெற்று விற்கிறார். கையில் 20,000 ரூபாய். விலை 80-க்கு இறங்கினால் 8,000 ரூபாயில் பங்குகளைத் திரும்ப வாங்கி ஒப்படைத்துவிட்டு 12,000 ரூபாயை இலாபமாக வைத்துக் கொள்கிறார். நிறுவனம் அடியோடு மூழ்கினாலும் 20,000-க்கு மேல் அவருக்குக் கிடைக்காது. ஆனால் விலை 600-க்கு ஏறினால்? 60,000 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும், நட்டம் 40,000. விலை ஏற்றத்துக்கு வரம்பு இல்லை. ஆகவே நட்டத்துக்கும் வரம்பு இல்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பங்கை வாங்கியவர் கணிப்புத் தவறினால், விலை இறங்க இறங்க அவர் மாட்டிக் கொண்டிருக்கும் தொகை சுருங்கிக் கொண்டே போகும். இரவல் வாங்கி விற்றவர் கணிப்புத் தவறினாலோ, அவர் மாட்டிக் கொண்டிருக்கும் தொகை பெருகிக் கொண்டே போகும். தரகர் நாள்தோறும் கூடுதல் முன்பணம் கேட்பார். கொடுக்க இயலாதவரின் கணக்கைத் தரகரே முடித்துவிடுவார். பச்சைத் தோல் கையில் இல்லாமலே மூன்று மாதம் கழித்து இன்ன விலைக்குச் சரக்குத் தருகிறேன் என்று ஆர்டர் எடுத்த ஆம்பூர் வியாபாரிக்கு, பெரியமேட்டிலும் ஈரோட்டிலும் தோல் விலை ஏறும்போது ஏற்படும் நெருக்கடி இத்தன்மையதே. அவரையாவது தோல் விலை பத்து மடங்கு ஏறிக் கெடுக்காது. இணையப் பங்குகள் அப்படி ஏறின.

1990-களின் இறுதியில் பெயருக்குப் பின்னால் ‘டாட் காம்’ சேர்ந்தாலே பங்கு விலை பறந்தது. இலாபமே காணாத நிறுவனங்களுக்கும் கோடிக்கணக்கில் மதிப்பு கிடைத்தது. நம் நாட்டிலும் அவ்வாறே. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட சத்யம் இன்ஃபோவே (பின்னாளில் சென்னை டைடல் பார்க்கிலிருந்து இயங்கும் சிஃபி), அடுத்த மாதமே இந்தியாவேர்ல்டு என்ற இணையதளக் குழுமத்தை வாங்க ஒப்புக் கொண்ட விலை 499 கோடி ரூபாய். நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் முடிந்தது. 2002 அக்டோபரில் அது 1,114. நூற்றில் 78 பங்கு கரைந்து போயிற்று.

அப்படியானால் இதை முன்னரே கணித்தவர்கள் பெருஞ்செல்வர் ஆகியிருக்க வேண்டுமல்லவா? பலர் ஆகவில்லை. ஜார்ஜ் சோரோஸின் நிதியத்தை நடத்திய ஸ்டான்லி ட்ரக்கன்மில்லர் 1999-இல் சுமார் 20 கோடி டாலர் அளவுக்கு இணையப் பங்குகளை ஷார்ட் விற்றார். சில வாரங்களில் அவர் இழந்தது ஏறத்தாழ 60 கோடி டாலர்! போட்டதைப் போல மும்மடங்கு. இணையப் பங்குகளின் விலையை நம்ப மறுத்து, பழைய தொழில்களின் பங்குகளையே பெரிதும் வைத்திருந்த ஜூலியன் ராபர்ட்சன், முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டே இருந்ததால், தம் டைகர் நிதியத்தை மூடுவதாக 2000 மார்ச் 30 அன்று அறிவித்தார். நாஸ்டாக் உச்சத்தைத் தொட்டு இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவருடைய கருத்துச் சரியே; அது மெய்ப்படும் வரை பிறருடைய பணம் காத்திருக்கவில்லை.

கணித மாணவர்கள் வியக்கத்தக்க செய்தி ஒன்று. 2000 மார்ச் 2 அன்று ‘3காம்’ என்ற நிறுவனம், தன் கிளை நிறுவனமாகிய ‘பாம்’ பங்குகளில் நூற்றுக்கு 5 மட்டும் பொதுமக்களுக்கு விற்றது. மீதி 95-உம் அதன் கையில். ஒரு 3காம் பங்கு வைத்திருப்பவருக்கு அவ்வாண்டிலேயே ஏறத்தாழ ஒன்றரை பாம் பங்கு வழங்கப்படும் என்றும் அறிவித்திருந்தது. அன்று மாலை பாம் விலை 95.06 டாலர். எனவே 3காம் பங்கு குறைந்தது 142 டாலராவது இருக்க வேண்டும். இருந்ததோ 81.81 டாலர். அதாவது பாம் நீங்கலாக 3காமின் மற்றத் தொழில்கள் அனைத்துக்கும் சந்தை கொடுத்த மதிப்பு, பங்கு ஒன்றுக்குச் சுமார் கழித்தல் 61 டாலர்! கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் பாமை ஷார்ட் விற்று 3காமை வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் வெளியில் இருந்ததோ நூற்றுக்கு ஐந்து பங்கு. இரவல் கொடுக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. குறியெதிர்ப்பைக்கு அரிசி இல்லாத ஊரில் விலை குறைய வழி ஏது?

நம் நாட்டு வரலாறு வேறு விதமானது. மும்பைத் தரகர் கேத்தன் பாரேக் 1999, 2000-ஆம் ஆண்டுகளில் உயர்த்திய பங்குகள் ‘கே-10’ என்று பெயர் பெற்றன. அவற்றுள் சென்னை நிறுவனங்களான பென்டாமீடியா கிராபிக்ஸ், டி.எஸ்.கியூ. சாப்ட்வேர், எஸ்.எஸ்.ஐ. ஆகியனவும் உண்டு. அப்போது இங்கே ‘பத்லா’ என்ற முறை இருந்தது. வாங்கியவர் வட்டி கட்டிப் பணம் கொடுப்பதைத் தள்ளிப் போடலாம். விற்றவரும் பங்கு ஒப்படைப்பதைத் தள்ளிப் போடலாம். 1982-இல் ரிலையன்ஸ் பங்கை இல்லாமலே விற்ற கல்கத்தா ‘கரடி’கள், எதிர்த்தரப்பு பங்கைக் கையில் கொடு என்று பிடிவாதமாகக் கேட்டபோது திண்டாடியதும், பம்பாய்ச் சந்தை சில நாள் மூடிக் கிடந்ததும் இம்முறையில் நிகழ்ந்தவையே.

2001-இல் நிலைமை தலைகீழ். பாரேக் கடன் பணத்தில் நிற்கிறார் என்று மோப்பம் பிடித்த கரடிகள் கே-10 பங்குகளை விற்றுத் தள்ளினர். பிப்ரவரி 28 அன்று வரவு செலவுத் திட்டத்தை வரவேற்று ஏறிய சந்தை மார்ச் முதல் வாரத்திலேயே சரிந்தது. அகமதாபாத்தின் மாதவபுரா கூட்டுறவு வங்கி முடங்கி, அதில் பணம் போட்டிருந்த எளிய மக்கள் வரிசையில் நின்றனர். கரடிகளும் உத்தமர்கள் அல்லர் என்பதற்கு, சந்தையின் கண்காணிப்புப் பிரிவிடம் தகவல் கேட்டார் என்ற குற்றச்சாட்டில் மும்பைப் பங்குச் சந்தைத் தலைவரே பதவி விலக நேர்ந்ததைச் சுட்டலாம். அம்மாதமே செபி ஷார்ட் விற்பனைக்குத் தடை விதித்தது. மார்ச் 30-இல் பாரேக் கைதானார். ஜூலை 2 முதல் பத்லாவும் ஒழிந்தது.

தடை சரியா என்பது விவாதத்துக்குரியது. சரிவைக் கரடிகள் விரைவுபடுத்தினர் என்பது உண்மை. ஆனால் அந்த விலைகளை ஊதியது அவர்கள் அல்லர். நம் வேலூர் வட்டாரத்தில் மாதந்தோறும் நம்ப முடியாத வட்டி தருவதாகப் பணம் திரட்டிய நிறுவனங்கள் மீது 2022-இல் வழக்குகள் பதிவாயின. அங்கே ஐயப்பட்டவர் செய்யக்கூடியது பணம் போடாமல் இருப்பது மட்டுமே. அவருடைய ஐயம் விலையாக ஊராருக்குத் தெரிய வழி இல்லை. பங்குச் சந்தையில் அந்த வழி உண்டு என்பதே என் எண்ணம். செபியும் 2008 ஏப்ரல் 21 முதல், பங்குகளை முறையாக இரவல் வாங்கி ஒப்படைக்கும் ஏற்பாட்டுடன் ஷார்ட் விற்பனையை அனுமதித்தது.

இன்று விடுதி அறையிலிருந்தே கைபேசியில் ‘புட்’ ஆப்ஷன் வாங்கி விலை இறங்கும் என்று பந்தயம் கட்டலாம். இதில் நட்டம் கட்டிய தொகையோடு நிற்கும். ஆனால் குறித்த நாளுக்குள் விலை இறங்கியாக வேண்டும். ராபர்ட்சனுக்குக் கிடைக்காத அவகாசம் இதிலும் கிடைக்காது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்றும், அவர்களின் மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்றும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.