மொட்டை மாடியிலிருந்து நெபுலாவைப் படம் பிடிக்கலாம்

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருப்பதும், அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இருப்பதும் நமக்குத் தெரியும். அங்கே போகாமல், ராணிப்பேட்டையின் தெருவிளக்குகளுக்கு நடுவே நெபுலாவைப் படம் எடுக்க முடியுமா? முடியும். பாதி வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடும்.

நாம் எடுக்கப்போவது எம்27. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் இறுதிக் காலத்தில் வெளியேற்றிய வாயு இது. 1764-ல் மெஸ்ஸியே கண்டுபிடித்தார். 'பிளானட்டரி நெபுலா' என்ற பெயருக்கும் கிரகங்களுக்கும் சம்பந்தமில்லை. சிறு தொலைநோக்கியில் கிரகம் போல வட்டமாகத் தெரிவதால் வந்த பெயர்.

தேவையானவை: 6 அங்குலத் தொலைநோக்கி, மோட்டார் பொருத்திய ஈக்வடோரியல் மவுன்ட், டிஎஸ்எல்ஆர் கேமரா, அதை இணைக்கும் அடாப்டர்.

1. மே மாத அமாவாசையை ஒட்டிய நாட்களில் அதிகாலை 3 மணிக்குத் தயாராகுங்கள். மவுன்ட்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வையுங்கள். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வடக்கே கட்டடம் மறைக்காத இடமாகப் பாருங்கள்.

2. திருவோணம் நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி போகஸ் செய்யுங்கள். அதற்கு வடக்கே சுமார் 14 டிகிரியில் எம்27 உள்ளது.

3. ஐஎஸ்ஓ 1600, 30 விநாடி, ரா பார்மட். இப்படி 64 படங்கள் எடுங்கள். பிறகு மூடியைப் போட்டு அதே செட்டிங்கில் 20 'டார்க்' படங்கள் எடுங்கள்.

4. இலவச சாப்ட்வேரான டீப்ஸ்கைஸ்டாக்கரில் 'ஓபன் பிக்சர் பைல்ஸ்', 'டார்க் பைல்ஸ்' மூலம் படங்களைச் சேருங்கள். 'செக் ஆல்' கொடுத்து, ரெஜிஸ்டர் செய்து ஸ்டாக் செய்யுங்கள். 64 படங்களைச் சேர்த்தால், இரைச்சலோடு ஒப்பிடுகையில் நெபுலாவின் ஒளி 8 மடங்கு தெளிவாகும். 64-ன் வர்க்கமூலம் 8 அல்லவா!

5. கிடைக்கும் டிஃப் பைலை கிம்ப்பில் திறந்து 'கர்வ்ஸ்' மூலம் மெல்ல வெளிச்சமாக்குங்கள். ஆக்சிஜனின் நீலப்பச்சை நிறம் தெரியும். ஹைட்ரஜனின் சிவப்பு மங்கலாகவே வரும். கேமராவின் உள்ளே இருக்கும் பில்டர் அதைத் தடுத்துவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. என் முதல் முயற்சியில் ஒரு படத்தைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்காமல் எல்லாவற்றையும் எடுத்து முடித்தேன். காலையில் பார்த்தால் எல்லா நட்சத்திரமும் வடை! போகஸ் தவறினால் எந்தச் சாப்ட்வேரும் காப்பாற்றாது. மறுநாள் மேகம், அதன் பிறகு நிலா. அடுத்த அமாவாசை வரை காத்திருந்தேன். நீங்கள் பத்துப் படத்துக்கு ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.