ஹட் பேயின் பின்கோடும் ராமானுஜனின் 691-உம்

லிட்டில் அந்தமானில் ஹட் பேக்குக் கடிதம் போட்டால் முகவரியின் கடைசியில் 744207 என்று எழுதுவோம். அஞ்சல் துறைக்கு அது ஓர் அடையாளம். 744 என்றாலே அந்தமான் நிக்கோபார். கணக்கில் ஆசை உள்ளவர்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாளும் பேனாவும் போதும்.

முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 24. ஆகவே எண் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. வகுத்தால் 248069.

அடுத்து 5, 7, 11 என்று பகா எண்களாகப் போட்டு வகுக்கத் தொடங்காதீர்கள். அறுபதுக்கு மேற்பட்ட தடவை மீதிதான் வரும். பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவின் வழி இதற்கு நல்லது: 248069-ஐ இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால், அந்த இரு எண்களின் கூடுதலும் கழித்தலும் காரணிகள் ஆகிவிடும். இதன் வர்க்கமூலம் 498-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. பெரிய எண்ணை 499-இலிருந்து தேட வேண்டும்.

எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை, சல்லடை போடுங்கள். எந்த வர்க்கத்தை 4-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1. 3-ஆல் வகுத்தாலும் அப்படியே. 248069-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, 3-ஆல் வகுத்தால் மீதி 2. இதன்படி பெரிய எண் ஒற்றைப்படையாகவும் 3-இன் மடங்காகவும்தான் இருக்க முடியும். மிஞ்சுபவை 501, 507, 513, 519, 525 என்று போகும்.

ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் 248069-ஐக் கழியுங்கள்:

501: 2932
507: 8980
513: 15100
519: 21292
525: 27556

2-இல் முடியும் எண் வர்க்கமாகாது. முதலாவதும் நான்காவதும் போயின. ஒற்றைச் சுழியத்தில் முடியும் 8980-உம் ஆகாது. 15100 என்பது 151-இன் நூறு மடங்கு, 151 வர்க்கமல்ல. ஐந்தாவது, 166-இன் வர்க்கம்! 525 + 166 = 691, 525 − 166 = 359. 23 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பாருங்கள், இரண்டுமே பகா எண்கள். ஆக, 744207 = 3 × 359 × 691. வகுஎண்கள் மொத்தம் எட்டு.

359-ஐ இரட்டித்து 1 கூட்டினால் 719, அதுவும் பகா எண். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது 691. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1916-இல் வெளியிட்ட கட்டுரையில் முக்கிய இடம் பிடித்த எண் அது. (1−x)(1−x²)(1−x³)... என்ற முடிவிலாப் பெருக்கலை 24-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, x-ஆல் பெருக்கி விரித்தால் வரும் கெழுக்களே டௌ எண்கள். எந்த எண்ணை எடுத்தாலும், அதன் வகுஎண்களின் 11-ஆம் அடுக்குகளைக் கூட்டி, அதற்குரிய டௌ எண்ணைக் கழித்தால், விடை 691-ஆல் வகுபடும்.

2-க்குச் செய்து பாருங்கள். 1 + 2048 = 2049. டௌ எண் −24. கழித்தால் 2073, அதாவது 3 × 691. ஹட் பே எண்ணின் எட்டு வகுஎண்களில் 2073-உம் ஒன்று. மறு காரணி 359. 3-க்கு டௌ எண் 252. அதை நீங்களே போட்டுப் பாருங்கள், 691-இன் 256 மடங்கு வரவேண்டும்.