சொல் ஒன்று, பொருள் வேறு: ஆங்கில மரபுத்தொடர்கள் பற்றி ஒரு பாடம்

 

"அவன் எனக்கு அல்வா கொடுத்துவிட்டான்" என்று ஒருவர் சொன்னால் நாம் யாரும் தட்டை நீட்டமாட்டோம். ஏமாற்றிவிட்டான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அவருக்குக் கை நீளம்" என்பதும் சட்டைக்கு அளவெடுக்கும் பேச்சல்ல. ஆனால் அகராதியை வைத்துத் தமிழ் படித்த வெளிநாட்டவர் இதைக் கேட்டால் திகைத்துப் போவார். அதே திகைப்புதான் ஆங்கிலத்தில் நம் பிள்ளைகளுக்கு ஏற்படுகிறது. இலக்கணம் படித்திருக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் மேலாளர் சொல்லும் ஒரு வரி பிடிபடாமல் நிற்கிறார்கள்.

சொற்கள் ஒன்றுசேர்ந்து, தம் நேர்ப்பொருளை விட்டுவிட்டுப் புதுப்பொருள் தருவதையே மரபுத்தொடர் என்கிறோம். இதைச் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பொருள் பார்க்கக் கூடாது. இதுதான் இன்றைய பாடத்தின் முதல் விதி.

பொருள் தெரியாவிட்டால் நஷ்டம்

'வீ ஹேவ் டு லெட் யூ கோ' என்று நிறுவனத்தில் சொன்னால், 'உங்களைப் போக விடுகிறோம்' என்று தோன்றும். ஊருக்குப் போக லீவு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. வேலையிலிருந்து நீக்குகிறோம் என்பதை மென்மையாகச் சொல்லும் முறை அது. இதைப் புரிந்துகொண்டவர் உடனே நிலுவைச் சம்பளம், பணிக்கொடை, நோட்டீஸ் காலம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பார். புரியாதவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்.

'நோ ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்டு' என்றால் நிபந்தனை எதுவும் கிடையாது என்று பொருள். கடன், உதவித்தொகை, இலவசப் பயிற்சி பற்றிய விளம்பரங்களில் இது அடிக்கடி வரும். வாயால் இப்படிச் சொன்னாலும், எழுத்தில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று படித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரே சொல் நாட்டுக்கு நாடு நேர்மாறாகவும் மாறும். ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் அதை விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவிலோ விவாதிக்காமல் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்ததைச் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கே இந்த நிலை என்றால், நாம் கேட்டுத் தெளிவதில் வெட்கம் எதற்கு?

இடம் அறிந்து பேசுதல்

'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது. வாளியை உதைப்பது அல்ல. 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைமொழி அகராதியிலேயே இது இருக்கிறது. பொருள் தெரிந்துவிட்டது என்பதற்காக, முதலாளியின் தந்தை மறைவுக்கு அனுப்பும் அனுதாபக் கடிதத்தில் இதை எழுதிவிடக் கூடாது. நம் வீடுகளில் 'வஃபாத்தானார்', 'மௌத்தாகிவிட்டார்' என்று சொல்கிறோம். 'மண்டையைப் போட்டார்' என்று மய்யித்து வீட்டில் சொல்வோமா? 'கிக் த பக்கெட்' அந்த ரகம். ஆகவே ஒரு தொடரின் பொருளோடு, அதை யாரிடம், எங்கே சொல்லலாம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பிறந்த கதை தெரிந்தால் மறக்காது

'ரெட் டேப்': இதைத்தான் தமிழில் 'சிவப்பு நாடா' என்கிறோம். இங்கிலாந்தில் அரசு, நீதிமன்றப் பத்திரங்களைச் சிவப்பு நிற நாடாவால் கட்டிவைத்தார்கள். கட்டு அவிழாமலே காகிதம் காத்துக் கிடந்ததால், அலுவலகத் தாமதத்துக்கே அது பெயராயிற்று. 19-ஆம் நூற்றாண்டில் டிக்கன்ஸ் போன்ற எழுத்தாளர்கள் இதைப் பரப்பினார்கள்.

'டெட்லைன்': அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் போர்க்கைதிகள் முகாமில், மதிலுக்கு உட்புறமாக ஓர் எல்லைக்கோடு இருந்தது. அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பெயர் வழங்கியது. 20-ஆம் நூற்றாண்டில் பத்திரிகை அலுவலகங்களில், செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரம் என்ற பொருளில் இச்சொல் பரவியது.

'டர்ன் எ பிளைண்ட் ஐ': கண்டும் காணாமல் இருப்பது. 1801-இல் நடந்த கோபன்ஹேகன் கடற்போரில், பின்வாங்கும்படி மேலதிகாரி காட்டிய சைகையை, பார்வையிழந்த கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு 'எனக்குத் தெரியவில்லை' என்று நெல்சன் சொன்னதாகக் கூறுவார்கள். அந்தச் சம்பவத்தோடு இணைத்தே இத்தொடர் பேசப்படுகிறது.

கட்டுக்கதைகளிடம் கவனம்

எல்லாப் பிறப்புக் கதையும் உண்மையல்ல. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றால் பேய்மழை. அக்காலத்தில் பூனையும் நாயும் கூரை வைக்கோலில் படுத்திருந்து மழையில் வழுக்கி விழுந்ததால் இப்படி வந்தது என்று 1999 வாக்கில் ஒரு மின்னஞ்சல் உலகமெங்கும் சுற்றியது. கூரைவீட்டில் வாழ்ந்த நம் பெரியவர்களிடம் கேளுங்கள்: கொட்டும் மழையில் எந்த நாய் கூரைமேல் ஏறிப் படுக்கும்? இதன் உண்மையான பிறப்பு இன்றுவரை நிறுவப்படவில்லை.

'ரூல் ஆஃப் தம்ப்' என்றால் குத்துமதிப்பு. கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலேயச் சட்டம் இருந்ததாகவும், அதிலிருந்து இத்தொடர் வந்ததாகவும் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டம் எழுதப்பட்டதாகச் சான்று இல்லை. 1782-இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி இப்படிச் சொன்னதாகப் பேச்சு எழுந்து, அவரைக் கேலிச்சித்திரம் வரைந்தார்கள். ஆனால் இத்தொடர் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. நாம் விரற்கடை, சாண், முழம் என்று அளப்பதைப் போல, கட்டைவிரலை வைத்து அளந்த பழக்கமே இதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுகிறது.

விடைபெறும்போது சொல்லும் 'சோ லாங்', நம் 'ஸலாம்' என்பதிலிருந்து வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. கேட்க நமக்கு இனிக்கும். ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நமக்குப் பெருமை தருகிறது என்பதற்காக ஆதாரமில்லாத ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமல்லவே.

வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாரம் மூன்று தொடர்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு வரிகள்: அதன் பொருள், அதற்கு இணையான தமிழ் வழக்கு, எழுத்தில் வருமா பேச்சில் மட்டுமா, சொந்தமாக ஒரு வாக்கியம். பிறப்புக் கதையை நல்ல அகராதியில் பார்த்து உறுதிசெய்த பிறகே சேருங்கள். உம்மாமார்கள் இணையான தமிழ் வழக்கைச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைக்கு இரு மொழியும் சேர்ந்து வளரும்.

வேலையிடத்தில் ஒரு தொடர் புரியவில்லையா? தலையாட்டிவிட்டு வராதீர்கள். 'இதற்கு என்ன பொருள் ஐயா?' என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். கேட்பதால் மரியாதை குறையாது. புரியாமல் கையெழுத்துப் போட்டால்தான் வாழ்க்கை குறையும்.