பழைய பிரவுசரில் மின் கட்டணம் கட்டலாமா?

எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7 தான். அப்பா அதில்தான் மின் கட்டணம் கட்டுவார், பட்டா நகல் எடுப்பார். போன மாதம் அதில் குரோம் எந்தப் பதிப்பு என்று பார்த்தேன். 109! "மாத்தணும்ப்பா" என்றால், "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு?" என்கிறார். நியாயமான கேள்விதான். பதிலுக்கு 2023 செப்டம்பருக்குப் போக வேண்டும்.

இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பல 'வெப்பி' என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றை விரித்துக் காட்டும் 'லிப்வெப்பி' நிரலை குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் எல்லாமே பயன்படுத்துகின்றன. படத்தை விரிக்கும்போது அந்த நிரல் நினைவகத்தில் ஓர் அட்டவணை எழுதும். அதற்கு இவ்வளவு இடம் போதும் என்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும். வேண்டுமென்றே கோணலாகத் தயாரித்த படம் வந்தால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும். வரப்பு உடைந்து பக்கத்து வயலுக்குள் தண்ணீர் பாய்கிற மாதிரி. அங்கே என்ன போய் விழ வேண்டும் என்பதைத் தாக்குபவர் திட்டமிட்டுவிட்டால், பிரவுசருக்குள் அவருடைய கட்டளை ஓட ஆரம்பிக்கும். நீங்கள் எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம், யாருக்கும் ஓடிபி சொல்ல வேண்டாம். படம் திரையில் வந்தாலே போதும்.

ஆப்பிள் நிறுவனமும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் இதைத் தெரிவித்தன. செப்டம்பர் 11 அன்று குரோமுக்கும், மறுநாள் ஃபயர்பாக்ஸுக்கும் திருத்தம் வந்தது. இதை வைத்துத் தாக்குதல் ஏற்கெனவே நடக்கிறது என்று கூகுளே சொன்னது.

திருத்தம் வந்ததும் ஆபத்து போய்விட்டது என்றுதான் நினைப்போம். அப்டேட் செய்யாதவர்களுக்கு அன்றுதான் அது கூடுகிறது. குரோமின் அடிப்படை நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 இருந்தால்தான் ஓடும். இப்போது 109-க்கு எந்தத் திருத்தமும் வருவதில்லை.

"பூட்டுப் படம் காட்டுதே?" என்று சிலர் கேட்பார்கள். தகவல் போகும் வழிக்குத்தான் அந்தப் பூட்டு. ஓட்டை பிரவுசரிலேயே இருந்தால் அது என்ன செய்யும்?

உங்கள் குரோமைப் பார்க்க, மேலே வலது ஓரத்தில் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'உதவி', பிறகு 'கூகுள் குரோம் பற்றி' என்று போங்கள். அப்டேட் இருந்தால் தானாக இறங்கும். ஆனால் குரோமை மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். பல அலுவலகங்களில் (என்னையும் சேர்த்துத்தான்) இருபது டேப் திறந்தபடி வாரக்கணக்கில் மூடுவதே இல்லை! 'உங்கள் பிரவுசர் பழசு, இங்கே அழுத்துங்கள்' என்று ஏதாவது ஒரு வலைப்பக்கம் சொன்னால் அழுத்தாதீர்கள். அது பெரும்பாலும் பொறி. அப்டேட்டை எப்போதும் பிரவுசரின் மெனு வழியாகவே செய்யுங்கள்.

புது விண்டோஸைத் தாங்காத பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போன்ற லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். அதுவரை பணம், ஆதார், வங்கி வேலைகளை அப்டேட் ஆகும் போனிலோ இ-சேவை மையத்திலோ முடித்துக்கொள்ளுங்கள்.

அப்பா இப்போது மின் கட்டணத்தைப் போனில் கட்டுகிறார். கம்ப்யூட்டரில் இணைய வயரைக் கழற்றியாச்சு, சீட்டாட்டம் மட்டும் நடக்கிறது.