அடிபட்ட நாய்க்கு முதலுதவி

வண்டி மோதி நாய் அடிபட்டால், வைத்தியரிடம் சேர்க்கும் வரை அதன் உயிர் நம் கையில்தான். வலியில் அது வளர்த்தவரையே கடிக்கும். ஆகவே துணிப்பட்டையால் வாயைக் கட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, வாந்தி எடுத்தாலோ கட்டக் கூடாது. இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் 5 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். பலகையில் கிடத்தித் தூக்குங்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரை நாய்க்கு விஷமாகலாம், கொடுக்காதீர்கள். கடித்துவிட்டால், 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

செலவுக்கு அஞ்சித் தாமதிக்க வேண்டாம். தில்லியில் தீஸ் ஹஸாரி அரசு கால்நடை மருத்துவமனையில் கட்டணம் குறைவு. தெருநாய்களுக்கு, ராஜா கார்டனில் 1980இல் தொடங்கிய சஞ்சய் காந்தி விலங்குகள் மையமும், டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்தடியில் ஃபிரெண்டிகோஸும் உண்டு. தனியாரிடம் போனால், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.